சம்பளம் வராமல் பாதியில் நின்ற கோட்டை: யார் இந்த மாஸ்டர் ஜேம்ஸ்?

வேல்ஸ் நாட்டின் வடமேற்கு மூலையில் ஆங்கிள்சி என்று ஒரு தீவு. அதன் கிழக்குக் கரையில், மெனாய் நீரிணையை ஒட்டி நிற்கிறது பியூமாரிஸ் கோட்டை. சுற்றிலும் அகழி, எதிரே கடல் நீர், அதற்கு அப்பால் ஸ்னோடோனியா மலைகள். போட்டோ எடுக்க வருகிறவர்களுக்கு அலுக்காத இடம்.

ஆனால், கொஞ்சம் உற்றுப் பார்த்தால் ஒரு விஷயம் உறுத்தும். கோட்டை நல்ல அகலம், உயரம்தான் போதவில்லை. காவல் கோபுரங்கள் எல்லாம் தலை வெட்டியது போல மொட்டையாக நிற்கின்றன. பார்ப்பவர்கள் போரில் இடிந்தது என்றோ, காலப்போக்கில் சரிந்தது என்றோ நினைத்துக்கொள்வார்கள். அப்படி இல்லை. அந்த உயரம் முதலிலிருந்தே கட்டப்படவில்லை.

ஏன் கட்டவில்லை? காசு இல்லை. அவ்வளவுதான்.

அந்தக் காசைக் கேட்டு 1296-ல் எழுதப்பட்ட ஒரு கடிதம் இன்றும் இருக்கிறது. எழுதிய இருவரில் ஒருவர், ஐரோப்பாவின் இடைக்காலக் கட்டுமானத் துறையில் மிகப் பெரிய பெயர்களில் ஒன்றானவர். வேல்ஸ் கடலோரத்தில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்திருக்கும் கோட்டைகளோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர் அவருடையது: செயின்ட் ஜார்ஜ் ஊர் மாஸ்டர் ஜேம்ஸ்.

மாஸ்டர் என்றால் மேஸ்திரி

மாஸ்டர் என்பது பட்டமோ குடும்பப் பெயரோ கிடையாது. லத்தீனில் மாகிஸ்டர். ஒரு தொழிலை முழுதாகக் கற்றுத் தேறி, கீழே ஆட்களை வைத்து வேலை வாங்குகிறவர். நம் ஊரில் சொல்லும் மேஸ்திரியும் இதே வேரிலிருந்து போர்த்துகீசியம் வழியாக வந்த சொல்தான். ஆக, ஜேம்ஸ் ஒரு மேஸ்திரி. ஆனால், அரசரே கூப்பிட்டு ஆலோசனை கேட்கும் மேஸ்திரி.

அவர் பிறந்தது சுமார் 1230 வாக்கில் என்று கணிக்கிறார்கள். இன்றைய பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, இத்தாலி எல்லைகள் சந்திக்கும் ஆல்ப்ஸ் மலைப் பகுதியில் அப்போது சவோய் என்றொரு சிற்றரசு இருந்தது. அங்கே 1260-களின் தொடக்கத்தில் இவெர்டான் என்ற ஏரிக்கரை ஊரில் ஒரு கோட்டை வேலை நடந்தது. அந்த வேலையின் கணக்கு ஏடுகளில் ஜான் என்ற மேஸ்திரியின் பெயரும், அவருடைய மகன் ஜேம்ஸின் பெயரும் வருகின்றன. அப்பாவிடம் தொழில் கற்ற பிள்ளை.

பிறகு சவோய் பிரபு பிலிப்புக்காகப் பல கட்டுமானங்கள். அவற்றில் ஒன்று செயின்ட் ஜார்ஜ் டெஸ்பெரான்ஷ் என்ற ஊரில் கட்டப்பட்ட கோட்டை அரண்மனை. அந்த ஊர்ப் பெயர்தான் கடைசி வரை அவரோடு ஒட்டிக்கொண்டது.

1273 ஜூன் மாதம் அந்த ஊருக்கு ஒரு முக்கியமான விருந்தாளி வந்தார். சிலுவைப் போருக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்த இங்கிலாந்தின் எட்வர்ட். வழியிலேயே அப்பா மூன்றாம் ஹென்றி இறந்த செய்தி கிடைத்து, முடிசூட்டிக்கொள்ளாத அரசராக ஊர் திரும்பிக்கொண்டிருந்தார். சவோய் அவருக்கு உறவு முறை. எட்வர்டின் அம்மாவைப் பெற்ற பாட்டி சவோய் குடும்பத்துப் பெண். பிலிப் அவருக்குத் தலைவணங்கி உறுதிமொழி கொடுத்த சடங்கு அந்தக் கோட்டையில்தான் நடந்தது. அதாவது, ஜேம்ஸின் கைவேலைக்குள்ளேயே எட்வர்ட் தங்கிவிட்டுப் போனார்.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 1278-ல், ஜேம்ஸின் பெயர் இங்கிலாந்து அரசின் கணக்குகளில் வர ஆரம்பிக்கிறது. வேல்ஸில் நடக்கும் கோட்டை வேலைகளை ஒழுங்குபடுத்துவது அவர் பொறுப்பு.

எல்லாக் கோட்டையும் ஏன் தண்ணீர் ஓரத்தில்?

இதைப் புரிந்துகொள்ள அப்போதைய வேல்ஸ் அரசியலைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

வட வேல்ஸின் இளவரசர் லிவெலின் ஆப் க்ரிஃபித். இங்கிலாந்து அரசருக்குத் தலைவணங்க வர மறுத்ததால் 1277-ல் எட்வர்ட் படையெடுத்தார். வட வேல்ஸ் முழுக்க மலை. மலைக்குள் புகுந்து வேல்ஸ் வீரர்களோடு மோதுவது தலைவலி. எனவே எட்வர்ட் வேறு வழி பார்த்தார். கப்பல்களை அனுப்பி ஆங்கிள்சி தீவைப் பிடித்தார். வட வேல்ஸுக்குச் சோறு போட்ட தீவு அது. வயலில் விளைந்து நின்ற தானியத்தை ஆட்களை வைத்து அறுத்து எடுத்துக்கொண்டார். மலையில் இருந்தவர்களுக்குச் சாப்பாடு இல்லை. லிவெலின் சமாதானத்துக்கு வந்தார்.

அந்தப் போர் காட்டிய உண்மை எளிது: மலை வேல்ஸ்காரர்கள் கையில், கடல் ஆங்கிலேயர் கையில். தரை வழியாக வரும் உணவு வண்டியை மறிக்கலாம். கடல் வழியாக வரும் கப்பலை மறிக்க வேல்ஸ் இளவரசரிடம் கப்பற்படை இல்லை. ஆகவே, கோட்டை எங்கே இருந்தாலும் அதன் வாசலுக்குக் கப்பல் வர வேண்டும்.

இந்த விதியை எவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொண்டார்கள் என்பதற்கு ரித்லான் நல்ல உதாரணம். அந்தக் கோட்டை கடலிலிருந்து உள்ளே தள்ளி, க்ளூயிட் ஆற்றின் கரையில் இருக்கிறது. ஆறு வளைந்து வளைந்து ஓடியதால் பெரிய கப்பல்கள் வர முடியவில்லை. கோட்டையை நகர்த்தவில்லை, ஆற்றையே நேராக்கினார்கள். 3 கிலோமீட்டருக்கும் அதிகமான நீளத்துக்குப் புதிய கால்வாய் வெட்டினார்கள். மண்வெட்டியும் கூடையும்தான் கருவி. ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் பிடித்தது.

ஒரே நேரத்தில் மூன்று கோட்டைகள்

1282-ல் மறுபடியும் போர். அந்த ஆண்டு டிசம்பர் 11 அன்று லிவெலின் கொல்லப்பட்டார். அவருடைய தம்பி டேவிட் அடுத்த ஆண்டு பிடிபட்டு, ஷ்ரூஸ்பரி நகரில் கொடூரமாகத் தூக்கிலிடப்பட்டார். வேல்ஸின் சுதந்திர இளவரசர் பரம்பரை அத்தோடு முடிந்தது.

இனி ஒருபோதும் தலைதூக்கக் கூடாது என்று முடிவெடுத்த எட்வர்ட், 1283-ல் ஒரே ஆண்டில் மூன்று பெரிய கோட்டைகளைத் தொடங்கினார்: கான்வி, ஹார்லெக், கேர்னார்வன். மூன்றும் கடலை ஒட்டியவை. மூன்றின் மேற்பார்வையிலும் ஜேம்ஸ் இருந்தார்.

கான்வி, ஆற்றின் முகத்துவாரத்தில் ஒரு பாறை மேல் நிற்கிறது. எட்டு பெரிய வட்டக் கோபுரங்கள். கோட்டையோடு சேர்த்து, ஊரைச் சுற்றி சுமார் 1.3 கிலோமீட்டர் நீள மதில், அதில் 21 கோபுரங்கள். இவ்வளவும் 1283-ல் தொடங்கி 1287-ல் பெரும்பாலும் முடிந்துவிட்டது. செலவு சுமார் 15,000 பவுண்டு. அந்த இடத்தில் முன்பு ஒரு மடாலயம் இருந்தது. வேல்ஸின் மாபெரும் இளவரசர் லிவெலின் ஆப் யோர்வெர்த் அடக்கம் செய்யப்பட்டிருந்த இடம். துறவிகளை வேறு ஊருக்கு அனுப்பிவிட்டுத்தான் எட்வர்ட் கோட்டைக்கு அடிக்கல் போட்டார். இடத்தேர்வில் ராணுவக் கணக்கோடு அவமானப்படுத்தும் கணக்கும் இருந்தது.

ஹார்லெக் கோட்டை சுமார் 60 மீட்டர் உயரப் பாறை மேல் இருக்கிறது. இன்று கடல் பின்வாங்கிப் போய், கீழே மணல்மேடுகள்தான் தெரியும். ஆனால், அன்று பாறையின் அடிவரை கப்பல் வந்தது. அங்கிருந்து கோட்டைக்கு 108 படிகள். படிகளுக்கும் மதில் பாதுகாப்பு. இந்தக் கோட்டைக்குச் செலவு 8,190 பவுண்டு. 1286-ல் வேலை உச்சத்தில் இருந்தபோது இங்கே 546 கூலியாட்கள், 227 கொத்தனார்கள், 115 கல் உடைப்பவர்கள், 30 கொல்லர்கள், 22 தச்சர்கள் இருந்தார்கள். ஒரே ஒரு சைட்டில் 940 பேர்.

இவர்கள் எல்லாரும் விருப்பப்பட்டு வந்தவர்கள் இல்லை. இங்கிலாந்தின் பல மாவட்டங்களுக்கு அரசாணை போகும்: இத்தனை மண் வெட்டுபவர்கள், இத்தனை தச்சர்கள், இந்தத் தேதிக்குள் செஸ்டர் நகருக்கு வந்து சேர வேண்டும். வழியில் ஓடிவிடாமல் இருக்கக் குதிரை வீரர்கள் காவலுக்கு வந்ததும் உண்டு.

சாரம் சொல்லும் ரகசியம்

கான்வி, ஹார்லெக் போகிறவர்கள் கோபுரச் சுவர்களில் சின்னச் சின்ன சதுர ஓட்டைகளைப் பார்க்கலாம். சாரம் கட்ட மரக்கட்டைகள் செருகிய துளைகள் அவை. இங்கிலாந்தில் வழக்கமாகச் சாரத்தைக் கிடைமட்டமாகக் கட்டுவார்கள். துளைகளும் ஒரே மட்டத்தில் வரிசையாக இருக்கும். இங்கே அப்படி இல்லை. துளைகள் கோபுரத்தைச் சுற்றிச் சுற்றிச் சாய்வாக மேலே ஏறுகின்றன. அதாவது, சாரமே ஒரு சாய்தளம். கல்லை ஏணியில் தூக்காமல், சறுக்கலில் மேலே தள்ளிக்கொண்டு போகலாம்.

இந்த முறை சவோய் பகுதியின் கோட்டைகளில் இருக்கிறது. ஹார்லெக்கின் ஜன்னல்களும், அரைவட்ட வளைவு வைத்த கதவுகளும் அப்படித்தான். ஆல்ப்ஸ் மலையின் கை வேலை, வேல்ஸ் கடலோரத்தில் சாட்சியாக நிற்கிறது.

நாளுக்கு 3 ஷில்லிங்

1284-ல் எட்வர்ட் ஜேம்ஸுக்கு ஒரு சலுகை கொடுத்தார். நாளுக்கு 3 ஷில்லிங் சம்பளம், ஆயுள் முழுக்க. அவர் இறந்துவிட்டால் மனைவி அம்ப்ரோசியாவுக்கு நாளுக்கு 1 ஷில்லிங் 6 பென்னி. இன்றைய மொழியில் சொன்னால், குடும்ப ஓய்வூதியத்தோடு வந்த வேலை.

3 ஷில்லிங் என்றால் 36 பென்னி. சாதாரணக் கூலியாள் ஒருவருக்கு அப்போது நாளுக்கு சுமார் 2 பென்னி. 1290 முதல் 1293 வரை ஹார்லெக் கோட்டையின் தலைவராகவும் ஜேம்ஸ் இருந்தார். கட்டியவரே வீட்டுக்காரர் போலக் குடியிருந்த அபூர்வம். 1295-ல் ஃப்ளின்ட் பகுதியில் மோஸ்டின் என்ற பண்ணையையும் அரசர் அவருக்கு ஆயுள் காலத்துக்கு எழுதிக் கொடுத்தார்.

இதுவரை கதை ஏறுமுகம்தான்.

தண்ணீர் கோட்பாட்டுக்கு வந்த பரீட்சை

1294 செப்டம்பர் இறுதியில் வேல்ஸ் மறுபடியும் கிளர்ந்தெழுந்தது. பிரான்ஸில் சண்டை போட ஆள் கொடு, வரி கொடு என்று எட்வர்ட் நெருக்கியதுதான் உடனடிக் காரணம். தலைமை தாங்கியவர் மடோக் ஆப் லிவெலின்.

கட்டி முடியாமல் இருந்த கேர்னார்வன் விழுந்தது. ஊர் மதிலை இடித்தார்கள், தீ வைத்தார்கள். ஹார்லெக்கையும் வேறு சில கோட்டைகளையும் முற்றுகையிட்டார்கள். ஆனால், ஹார்லெக் விழவில்லை. அயர்லாந்திலிருந்து கப்பலில் உணவு வந்துகொண்டே இருந்தது. தரையில் முற்றுகை, தண்ணீர்ப் பக்கம் வாசல் திறந்திருந்தது.

கிளர்ச்சியை அடக்க எட்வர்டே நேரில் வந்தார். அந்தக் குளிர்காலத்தில் கான்விக்குள் மாட்டிக்கொண்டார். அவருடைய உணவு வண்டிகளை வேல்ஸ் வீரர்கள் கொள்ளையடித்துவிட்டார்கள். ஆற்றில் வெள்ளம் பெருகியதால் மறுகரையில் இருந்த படை வந்து சேர முடியவில்லை. தேன் கலந்த தண்ணீர் குடித்து, மிச்சமிருந்த கொஞ்சம் மதுவையும் வீரர்களோடு பகிர்ந்துகொண்டு அரசர் நாட்களைக் கடத்தினார் என்று அந்தக் காலத்து வரலாற்று ஏடு ஒன்று சொல்கிறது. சோறு கொண்டுவரும் அதே தண்ணீர் வழியையும் அடைக்கும் என்று அரசர் நேரில் பார்த்தார். வெள்ளம் வடிந்ததும் நிலைமை மாறியது. 1295-ல் கிளர்ச்சி அடங்கியது.

கேர்னார்வனின் தோல்வி ஒரு பாடம். ஆங்கிள்சியில் கோட்டை இல்லாதது இன்னொரு பாடம். தானியம் விளையும் தீவு, காவல் இல்லாமல் கிடந்தது. 1295 ஏப்ரலில் அங்கே வேலை தொடங்கியது. அதுதான் பியூமாரிஸ்.

அழகான சதுப்பு, அகற்றப்பட்ட ஊர்

பியூமாரிஸ் என்றால் அக்காலப் பிரெஞ்சு மொழியில் அழகான சதுப்பு நிலம். பாறை இல்லை, மேடு இல்லை, தட்டையான சமநிலம். மற்ற கோட்டைகளில் பாறை எப்படியோ, கோட்டையும் அப்படியே வளைய வேண்டியிருந்தது. இங்கே அந்தத் தொல்லை இல்லை. காகிதத்தில் வரைந்ததை அப்படியே தரையில் கொண்டுவரலாம். அதனால்தான் பியூமாரிஸின் அமைப்பு கிட்டத்தட்ட கணிதம் போலச் சீராக இருக்கிறது: நடுவில் சதுரமான உள்கோட்டை, அதைச் சுற்றி உயரம் குறைந்த வெளிமதில், அதைச் சுற்றிக் கடல்நீர் அகழி. வெளிமதிலை எதிரி தாண்டிவிட்டாலும், உள்மதிலின் வில்லாளிகளுக்கு நேர் குறியாக நிற்க வேண்டியதுதான். தெற்கு வாசலை ஒட்டி ஒரு சிறு துறைமுகம். ஓதம் ஏறும்போது 40 டன் கப்பல் சரக்கோடு வாசல்வரை வந்து நிற்கலாம்.

ஆனால், அந்த இடம் காலியாகக் கிடந்த இடம் இல்லை. பக்கத்திலேயே லான்வைஸ் என்ற ஊர் இருந்தது. வேல்ஸ் மக்கள் வாழ்ந்த, நல்ல வியாபாரம் நடந்த துறைமுக ஊர். புதிய ஆங்கிலேய ஊருக்குப் போட்டியாக இருக்கக் கூடாது என்று அந்த மக்களை அங்கிருந்து கிளப்பி, தீவின் இன்னொரு பக்கத்தில், சுமார் 20 கிலோமீட்டர் தள்ளிக் குடியமர்த்தினார்கள். அந்தக் குடியேற்றத்தின் பெயர் நியூபரோ, அதாவது புது ஊர். பெயரிலேயே பழைய ஊர் போன கதை இருக்கிறது.

1296: அந்தக் கடிதம்

பியூமாரிஸ் வேலை ராட்சச வேகத்தில் தொடங்கியது. முதல் ஆண்டு முடிந்தபோது பணம் வற்றிவிட்டது.

காரணம் வேல்ஸில் இல்லை. எட்வர்டின் போர்களுக்கும் கோட்டைகளுக்கும் முன்பணம் கொடுத்து வந்தவர்கள் இத்தாலியின் லூக்கா நகரைச் சேர்ந்த ரிக்கார்டி வங்கிக் குடும்பத்தார். 1294-ல் பிரான்ஸுடன் போர் மூண்டபோது தேவைப்பட்ட பணத்தை அவர்களால் கொடுக்க முடியவில்லை. எட்வர்ட் அவர்களோடு உறவை முறித்துக்கொண்டார். ஒரு பக்கம் பிரான்ஸ் போர், இன்னொரு பக்கம் ஸ்காட்லாந்துடன் மோதல் நெருங்கிக்கொண்டிருந்தது. கஜானாவின் கண் வேல்ஸை விட்டு நகர்ந்துவிட்டது.

1296 பிப்ரவரி 27 அன்று, ஜேம்ஸும் வேலைக் கணக்கைப் பார்த்த எழுத்தர் வால்டர் ஆஃப் வின்செஸ்டரும் சேர்ந்து, லண்டனில் இருந்த அரசுக் கருவூலத்துக்கு எழுதினார்கள்.

முதலில் வேலை எவ்வளவு முடிந்திருக்கிறது என்ற அறிக்கை. சுவர் சில இடங்களில் 28 அடி, தாழ்ந்த இடத்தில் 20 அடி. நான்கு கதவுகள் மாட்டியாகிவிட்டது. தினமும் இரவு பூட்டுகிறோம். அடுத்து பட்ஜெட். இந்தப் பருவம் முழுக்க வேலை நடக்க வேண்டுமானால் வாரத்துக்கு 250 பவுண்டு வேண்டும்.

வாரத்துக்கு அவ்வளவு பணம் எங்கே போகிறது என்று கருவூலத்தார் கேட்பார்கள் என்று எழுதியவர்களுக்குத் தெரியும். பதிலையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள்: கொத்தனார்கள் 400 பேர், கீழ்நிலை வேலையாட்கள் 2,000 பேர், கல் உடைப்பவர்கள் 200 பேர், கொல்லர்கள் 30 பேர், தச்சர்கள் தனி. 100 சிறு வண்டி, 60 பெரிய வண்டி, கல்லும் நிலக்கரியும் ஏற்றிவர 30 படகு.

கணக்கு போட்டுப் பார்த்தால், 250 பவுண்டு என்பது 60,000 பென்னி. எண்ணிக்கை கொடுக்கப்பட்ட 2,630 பேருக்கு மட்டும் பிரித்தாலே ஒருவருக்கு வாரத்துக்கு 23 பென்னிகூட வராது. அதற்குள்ளேயே வண்டி, படகு, இரும்பு, மரம் எல்லாம் அடக்கம். கேட்டது ஆடம்பரம் இல்லை.

கடிதத்தின் கனமான பகுதி அதற்குப் பிறகுதான். வேலையாட்களுக்கும் காவல் வீரர்களுக்கும் கொடுக்க வேண்டிய பாக்கி ஏற்கெனவே 500 பவுண்டு அளவுக்கு ஏறிவிட்டது. சாப்பிட வழியில்லாததால் ஆட்களைப் பிடித்துவைப்பதே பெரும்பாடாக இருக்கிறது. பணம் வராவிட்டால் இதுவரை செய்ததெல்லாம் வீண். வேல்ஸ் இப்போது அமைதியாக இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். கையெழுத்தைப் போட்ட பிறகும் மனம் கேட்காமல், கடவுள் பெயரைச் சொல்லிப் பணத்தைச் சீக்கிரம் அனுப்பும்படி கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள்.

சம்பளம் வரலைன்னா ஆள் நிற்காது. ஆள் நிற்கலைன்னா சுவர் ஏறாது. 700 ஆண்டுகளுக்கு முந்தைய அந்தக் கடிதம் சொல்வது இதைத்தான்.

இதில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். எழுதிய ஜேம்ஸுக்கு அரசர் ஆயுள் சம்பளம் எழுதிக் கொடுத்திருந்தார். அவர் அரசரின் ஆள், வெற்றி பெற்றவர்களின் பக்கம் நின்றவர். வேல்ஸ் மக்களை அடக்கி வைக்கும் கோட்டையைக் கட்ட வந்தவர். ஆனாலும், கூலிக்கு வேலை செய்தவன் பட்டினி கிடக்கிறான் என்பதை மேலிடத்துக்கு எழுத்தில் தெரியப்படுத்தியவர்களில் அவரும் ஒருவர். இரண்டும் ஒரே மனிதர்தான்.

கல்லிலிருந்து மரத்துக்கு

கேட்ட அளவு பணம் வரவில்லை. அந்த மார்ச் மாதமே எட்வர்டின் படை ஸ்காட்லாந்துக்குள் நுழைந்தது. பியூமாரிஸ் வேலை மெதுவாகி, 1300 வாக்கில் கிட்டத்தட்ட நின்றே போனது.

ஜேம்ஸையும் ஸ்காட்லாந்து இழுத்துக்கொண்டது. 1302-ல் லின்லித்கோ என்ற இடத்தில் ஒரு கோட்டை அமைக்கும் பொறுப்பு. முதலில் வாயிலும் கோபுரங்களும் கல்லில் கட்டுவதாகத்தான் பேச்சு. பிறகு அரசர் மனதை மாற்றிக்கொண்டார். எல்லாம் மரத்திலேயே போதும். ஐரோப்பாவின் தலைசிறந்த கல் கோட்டைகளைக் கட்டிய மனிதருக்கு, வயதான காலத்தில் மரக்கட்டையில் வேலி அடைக்கும் வேலை.

1307-ல் எட்வர்ட் இறந்தார். 1309-க்குள் ஜேம்ஸும் இறந்துவிட்டார். ஸ்காட்லாந்துப் படை கடல் வழியாக வேல்ஸுக்கு வந்துவிடுமோ என்ற பயத்தில் 1306-ல் பியூமாரிஸ் வேலை மறுபடி தொடங்கி, விட்டு விட்டு 1330 வரை நடந்தது. மொத்தச் செலவு சுமார் 15,000 பவுண்டைத் தொட்டது. அப்புறமும் கோபுரங்கள் திட்டமிட்ட உயரத்துக்கு ஏறவில்லை.

மறந்துபோனவர் திரும்பி வந்த கதை

அடுத்த சில நூற்றாண்டுகள் கோட்டைகள் எட்வர்டின் பெயரில் நின்றன. கட்டியவர் பெயர் கணக்கு ஏடுகளுக்குள் தூங்கியது. 20-ஆம் நூற்றாண்டில் ஆர்னால்ட் டெய்லர் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் வேல்ஸ் கணக்குகளையும் சவோய் கணக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். இரண்டிலும் வரும் ஜேம்ஸ் ஒரே ஆள் என்று காட்டினார். 1950-ல் வெளியான அவருடைய ஆய்வுக் கட்டுரைதான் ஜேம்ஸை உலகத்துக்கு மறுபடி அறிமுகப்படுத்தியது.

அதன் பிறகு விவாதமும் வந்தது. எல்லாக் கோட்டையையும் ஜேம்ஸ்தான் வடிவமைத்தார் என்று சொல்ல முடியாது, அவர் அதிகமும் நிர்வாகிதான், வடிவமைத்ததில் மற்ற மேஸ்திரிகளுக்கும் பங்கு உண்டு என்று சில கட்டடக்கலை வரலாற்றாளர்கள் வாதிடுகிறார்கள். ஆர்க்கிடெக்ட்டா, புராஜெக்ட் மேனேஜரா என்ற கேள்வி. அந்தக் காலத்தில் இரண்டு வேலைக்கும் நடுவே இன்று இருப்பது போன்ற கோடு இல்லை. ஆனால், ஆளும் கல்லும் கப்பலும் காசும் ஒரே நேரத்தில் ஒரே இடத்துக்கு வந்து சேராவிட்டால் எந்த வரைபடமும் சுவராகாது. அதைச் சேர்த்தவர்களில் முதல் வரிசையில் ஜேம்ஸ் இருந்தார் என்பதற்கு அந்தக் கடிதமே அத்தாட்சி.

பெருமையா, வடுவா?

1986-ல் பியூமாரிஸ், கேர்னார்வன், கான்வி, ஹார்லெக் ஆகிய நான்கு கோட்டைகளும் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. வேல்ஸ் அரசின் பாரம்பரியச் சின்ன அமைப்பான காடு இவற்றைப் பராமரிக்கிறது. சுற்றுலாவுக்கு இவை பெரிய சொத்து.

ஆனால், வேல்ஸ் மக்களில் பலருக்கு இவை தோற்ற கதையின் நினைவும்கூட. எட்வர்டின் கோட்டை வரிசையை இரும்பு வளையம் என்று குறிப்பிடும் வழக்கம் உண்டு. 2017-ல் ஃப்ளின்ட் கோட்டை அருகே பெரிய இரும்பு வளையச் சிற்பம் ஒன்றை வைக்கத் திட்டமிட்டார்கள். எங்களை அடிமைப்படுத்தியதற்கு நாங்களே சிலை வைப்பதா என்று எதிர்ப்பு கிளம்பியது. அந்த ஆண்டே திட்டம் கைவிடப்பட்டது. 700 ஆண்டுகளுக்குப் பிறகும் காயம் முழுக்க ஆறவில்லை.

பியூமாரிஸ் போகிறவர்கள் மூன்று இடங்களில் கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஒன்று, தெற்கு வாசலை ஒட்டிய துறை. கோட்டை ஏன் அங்கே இருக்கிறது என்பதற்கான விடை அது. இரண்டு, உள்மதிலுக்கும் வெளிமதிலுக்கும் நடுவே உள்ள புல்வெளி; அந்த இடத்தில் நின்றால் எதிரியின் நிலைமை என்னவாக இருந்திருக்கும் என்று புரியும். மூன்று, உள்கோட்டையின் நடுவிலிருந்து அண்ணாந்து பார்த்தால் தெரியும் மொட்டைக் கோபுரங்கள்.

அந்தக் கோபுரங்களுக்கு மேலே இருக்கும் வெற்று வானத்தையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். வராத சம்பளத்தின் அளவு அது.